சுண்டு தூங்கும் படங்கள்

மைனாவின் தம்பி பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தான். "என்னடா இது, சுண்டுவிரல் மாதிரி இருக்கான்!" என்றார் அப்பா. அன்றிலிருந்து அவன் சுண்டு ஆகிவிட்டான். அவனுக்கு வைத்த உண்மையான பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

சுண்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. கொஞ்சம் ஓடினாலும் மூச்சு வாங்கும். படுத்தாலும் வாங்கும். அதனால் அவன் நிம்மதியாகத் தூங்குவது அபூர்வம். அப்படித் தூங்கிவிட்டால் அம்மா உடனே கைப்பேசியை எடுத்து ஒரு படம் எடுப்பாள்.

"தூங்குறவனைப் போய் எத்தனை படம்மா எடுப்பே?" என்று மைனா கேட்பாள்.

"அவன் நல்லாத் தூங்குறப்பதான் எனக்கு நல்லா மூச்சு வருது" என்பாள் அம்மா.

போன வருடம் சுண்டு இறந்துபோனான். அவனுக்கு நான்கு வயதுகூட முடியவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும், பையைக்கூடக் கழற்றாமல் கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருவாள். 'சுண்டு' என்ற ஃபோல்டரைத் திறப்பாள். ஒவ்வொரு படமாகப் பார்ப்பாள். பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவுவாள்.

கைப்பேசியில் இடம் போதாமல் அவ்வப்போது எல்லாப் படங்களையும் அப்பா கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவார். மாற்றியதும் கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடுவார். ஆகவே சுண்டுவின் படங்கள் இருந்தது அந்த ஒரே இடத்தில்தான். அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் பழையது. ஆமைக்கே அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனா பள்ளிக்கூடப் பாடம் ஒன்றைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். ஒரு எழுத்தை அமுக்கினால் அது திரையில் வருவதற்குள் கொட்டாவி வந்தது.

"அப்பா, இது செத்துப்போச்சு!"

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. "நகரு, நான் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தார். இணையத்தில் தேடி, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். திரையில் ஒரு குட்டித் துடைப்பம் கண்ணடித்துக்கொண்டே ஆடியது.

"பாரு, இதுக்கு இருக்கிற உற்சாகம் நம்ம வீட்டுல யாருக்காவது இருக்கா?" என்றார் அப்பா. மைனா சிரித்தாள்.

துடைப்பம் கேள்வி கேட்டது: 'ஒரே மாதிரியான படங்கள் நிறைய உள்ளன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாமா?'

"ரெண்டு தடவை காப்பி பண்ணின படமா இருக்கும்" என்று அப்பா 'சரி' என்பதை அமுக்கினார்.

அடுத்த கேள்வி: 'நீண்ட நாள் திறக்கப்படாத பெரிய கோப்புகளை நீக்கலாமா?'

"என்னன்னு பார்க்க வேண்டாமாப்பா?" என்றாள் மைனா. ஆனால் அவளுக்கும் அவசரம். "சரி சரி, சீக்கிரம் முடிங்க. நான் பாடம் அடிக்கணும்."

அப்பா அதற்கும் 'சரி' என்றார். குப்பைத்தொட்டியைக் காலி செய்யட்டுமா என்று கேட்டதற்கும் 'சரி' என்றார். திரை முழுக்க நட்சத்திரங்கள் வெடித்தன. 'வாழ்த்துகள்!' என்றது துடைப்பம்.

கம்ப்யூட்டர் உண்மையாகவே வேகமாகிவிட்டது.

அன்றைக்கும் அம்மாவுக்குக் கடை உண்டு. மாலையில் வந்தாள். தோளில் பையோடு உட்கார்ந்தாள். ஃபோல்டரைத் திறந்தாள். சுட்டியை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"சுண்டு எங்கே?"

முன்பெல்லாம் அந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி அது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பான், இல்லையென்றால் துணி மூட்டைக்குள். இப்போது அதே கேள்வியைக் கேட்டதும் மைனாவின் கண் தானாகக் கட்டில் பக்கம் போனது.

அப்பா எழுந்து வந்து பார்த்தார். சுண்டு தூங்கும் படம் ஒன்றே ஒன்று இருந்தது. மற்றவை இல்லை. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களில் ஒன்று இருந்தது. மற்றவை இல்லை.

"ஒரே மாதிரி இருக்கிற படத்தை எடுத்திடலாமான்னு கேட்டுது..." அப்பாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"ஒரே மாதிரியா?" என்றாள் அம்மா. அவள் கத்தவில்லை. "ஒண்ணுல அவன் கட்டைவிரலை வாயில வச்சிருப்பான். ஒண்ணுல என் சேலை நுனியைப் பிடிச்சிருப்பான். ஒண்ணுல காய்ச்சல் விட்டு நெத்தியெல்லாம் வேர்த்திருக்கும். எதுங்க ஒரே மாதிரி?"

அவள் மறுபடியும் சுட்டியைக் கீழே நகர்த்தினாள்.

"அந்த வீடியோவும் காணோம்" என்றாள் அம்மா.

எந்த வீடியோ என்று எல்லோருக்கும் தெரியும். சுண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் பாட்டுப் பாடிய வீடியோ. அவன் குரல் இருந்தது அதில் மட்டும்தான்.

"நீ அதைத் திறக்கவே மாட்டியேம்மா" என்றாள் மைனா மெதுவாக.

"கேட்கத் தைரியம் வரட்டும்னு வச்சிருந்தேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திரும்ப எடுத்திடலாம். அழிஞ்சதை மீட்கிறதுக்கும் மென்பொருள் இருக்குமே. இரு, இறக்கிப் பார்க்கிறேன்" என்று மளமளவென்று தட்ட ஆரம்பித்தார். ஒன்றை இறக்கினார். அது சரியில்லை என்று இன்னொன்றைத் தேடினார்.

மைனாவுக்கு வகுப்பில் கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் ஒரு படத்தை அழித்தால், அந்தப் படம் அந்த நொடியே போய்விடாது. அந்த இடம் காலி என்று ஒரு பலகை மட்டும்தான் மாட்டும். புதிதாக ஏதாவது வந்து அங்கே உட்கார்ந்தால்தான் பழையது நிஜமாகவே போகும்.

அப்பா புதிது புதிதாக இறக்கிக்கொண்டே இருக்கிறார்!

"அப்பா, நிறுத்துங்க!"

"இரும்மா, இன்னும் ஒண்ணு..."

"அப்பா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு கூப்பிட்டா நீங்க போனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "மெயினை ஆஃப் பண்ணுவேன்."

"ஏன்?"

"அது அசைஞ்சா இன்னும் மோசமாயிடும்..." அப்பா பாதியில் நிறுத்தினார். சுட்டியிலிருந்து கையை எடுத்தார். குனிந்து கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து வயரையும் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் இருவரும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடையில் இருந்த அக்காவைத் தெருவில் எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர்களை அவர் நோயாளி என்பார். மேஜையில் நான்கைந்து நோயாளிகள் வயிறு திறந்து கிடந்தார்கள்.

நடந்ததை அப்பா சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

"அழிஞ்சதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் ஓட்டினீங்களா?"

"கொஞ்ச நேரம். பாப்பா நிறுத்தச் சொன்னா."

டாக்டர் அக்கா மைனாவைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல வேலை செஞ்சே. ஆனா எல்லாம் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொன்னா அப்புறம் உனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்."

"கொஞ்சமாவது வருமாக்கா?"

"அதுக்குத்தான் பார்க்கப் போறேன்."

அந்த வாரம் முழுக்கக் கூடத்து மூலை காலியாக இருந்தது. அம்மா வேலையிலிருந்து வந்து, பழக்கத்தில் அந்த நாற்காலிவரை போவாள். பிறகு நின்றுவிடுவாள். அப்பாவை அவள் திட்டவே இல்லை. "பரவாயில்லைங்க, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்பதுபோல அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைனாவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. 'சீக்கிரம் முடிங்க' என்று அவள்தானே சொன்னாள்? யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவளுக்கு மட்டும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாரக் கடைசியில் டாக்டர் அக்கா கூப்பிட்டார். பாதிக்கும் கொஞ்சம் குறைவான படங்கள்தான் மீண்டிருந்தன. வந்தவற்றிலும் சில முழுதாக இல்லை. சுண்டுவின் நெற்றியும் கண்ணும் இருக்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டைகள்.

வீடியோவின் பெயர் வந்திருந்தது. ஆனால் திறக்கவில்லை.

"நான் என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன்" என்றார் டாக்டர் அக்கா. "அது இருந்த இடத்துல வேற எதுவோ வந்து உட்கார்ந்திருக்கு. மன்னிச்சிடும்மா."

அப்பா வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதை மைனா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுபவர்களை எல்லாம் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவருகிற அப்பா, அழுது அவள் பார்த்ததில்லை. அவள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

மீண்ட படங்களை அம்மா ஒரு முறை பார்த்தாள். சாம்பல் பட்டை விழுந்த ஒன்று வந்ததும் திரையை அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மூலைக்கே அவள் போகவில்லை.

ஒரு மாலை மைனா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேல்வீட்டுப் பூனை மாமா இறங்கி வந்தார். அவர் வளர்க்கும் பூனையின் பெயர் துரை. மாமாவின் கைப்பேசியில் மனிதர்களே கிடையாது, எல்லாம் துரைதான். யார் மாட்டினாலும் காட்டாமல் விட மாட்டார்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? இதைப் பாரு, துரை சின்ன வயசுல. அப்பவே எவ்வளவு திமிர்!"

மைனா மரியாதைக்குப் பார்த்தாள். துரை படியில் கால்மேல் கால் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னால், சுவர் ஓரமாக, மங்கலாக ஒரு மஞ்சள் சட்டை.

"மாமா, பெரிசு பண்ணுங்க. பூனையை இல்லை, பின்னாடி!"

மாமா பெரிதாக்கினார். சுண்டு. பூனையைப் பார்த்து அதைப் போலவே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அடடே" என்றார் மாமா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இத்தனை தடவை இந்தப் படத்தைப் பார்த்திருக்கேன். துரையை மட்டுமே பார்த்துட்டு இருந்திருக்கேனே."

மைனா எழுந்து நின்றாள். சுண்டுவை அம்மா மட்டுமா படம் எடுத்தாள்? அவன் எங்கெல்லாம் போனானோ, அங்கெல்லாம் யாராவது கைப்பேசி வைத்திருந்திருப்பார்களே!

"மாமா, இதை எனக்குத் தர முடியுமா? துரை இருந்தாலும் பரவாயில்லை."

"என்ன, துரை இருந்தாலும் பரவாயில்லையா?" என்று மாமா கோபித்துக்கொள்வதுபோல நடித்தார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. மற்றப் படங்களையும் உட்கார்ந்து தேடினார். இன்னொன்றில் சுண்டுவின் கால் மட்டும் இருந்தது. மைனா அதையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிவிட்டு வரும் வழியில் முடி வெட்டும் கடைக்குப் போனாள்.

"உன் தம்பியா? அவன் போட்ட கூச்சலை மறக்க முடியுமா?" என்றார் கடைக்காரர். முதல்முறை முடி வெட்டிக்கொள்ளும் குழந்தைகளை எல்லாம் அவர் படம் எடுத்து வைப்பாராம். தேடி எடுத்தார். பாதித் தலை வெட்டி, பாதித் தலை வெட்டாமல், வாயை அகலத் திறந்து சுண்டு அழுதுகொண்டிருந்தான். மைனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள், ஏனோ அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்கோலைத் துடைத்தார்.

ஒரு இடம் பாக்கி இருந்தது. அங்கே தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அப்பா அந்தத் தெருப்பக்கம் போயே ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுதானபோதுகூட வேறு ஆளை அனுப்பிவிட்டார். மைனா ஏன் கேட்கிறாள் என்று தெரிந்ததும், சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

குழந்தைகள் வார்டில் அதே பச்சைத் திரைகள். சுண்டு படுத்திருந்த கட்டிலில் வேறு ஒரு குழந்தை இருந்தது. சுண்டுவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவர்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சுண்டு வீட்டுக்காரங்கதானே?"

மைனா வந்த விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் கையில் இருந்த சீட்டை மேஜையில் வைத்தார். பிறகு பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"ஒரு படம் இருக்கு. உங்ககிட்ட காட்டணும்னு நினைச்சிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவன் போயிட்டான். அப்புறம் எப்படிக் காட்டுறது, காட்டினா ஆறுதலா இருக்குமா, இன்னும் வலிக்குமா, ஒண்ணும் தெரியலை. அழிக்கவும் மனசு வரலை."

சுண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காதில் ஸ்டெதாஸ்கோப். கண் மூடிப்போகும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. ஆனால் சிரிப்பைப் பார்த்தால் குழாய் கண்ணுக்கே தெரியவில்லை.

அப்பா கைப்பேசியை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிச் சிரிச்சான்?" என்று மைனா கேட்டாள். நர்ஸ் சொன்னார். மைனா ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "அம்மாவைக் கூப்பிடு" என்றார்.

"முதல்ல காப்பி எடுக்கணும். அப்புறம்தான் அம்மா" என்றாள் மைனா.

"சரிங்க மேடம்."

மீண்ட படங்கள், பூனை மாமாவின் படங்கள், முடி வெட்டும் கடைப் படம், நர்ஸின் படம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். துடைப்பத்தைத் துரத்திவிட்டார்கள். டாக்டர் அக்காவின் கடையில் வாங்கிய இரண்டு குட்டி டிஸ்குகளிலும் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். சாம்பல் பட்டை விழுந்த படங்களையும் மைனா விடவில்லை.

"அது எதுக்கும்மா?"

"கண்ணு நல்லாத்தானேப்பா இருக்கு?"

அப்பா அவற்றையும் ஏற்றினார். ஏற்றிய படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று மைனா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒரு டிஸ்க் அம்மாவின் கடை மேஜை இழுப்பறைக்கு. இன்னொன்று பூனை மாமா வீட்டுக்கு. "துரை காவல் காக்கும்" என்று மாமா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

அம்மா கடையிலிருந்து வந்தாள். மூலையைப் பார்க்காமல் உள்ளே போகப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் வாயேன்."

"வேண்டாம்டா. இப்ப முடியாது."

"இது நீ பார்த்த படம் இல்லைம்மா."

அம்மா நின்றாள். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மைனா படத்தைத் திறந்தாள்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை நீட்டி, சுண்டுவின் கன்னத்தைத் தொடப் போய், தொடாமல் நிறுத்தினாள்.

"இதை நான் பார்த்ததே இல்லையே."

"ஆமாம்மா."

"அவனுக்கு இனிமே புதுசா ஒண்ணுமே வராதுன்னு நினைச்சேன்." அம்மாவின் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. "அந்த வீடியோ?"

"அது போயிடுச்சும்மா. அது வராது" என்றார் அப்பா.

அம்மா தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற அப்பாவின் கையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மூவரும் படத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் இப்படிச் சிரிக்கிறான்?" என்று கேட்டாள் அம்மா.

"நர்ஸ் அக்கா சொன்னாங்க. சொல்லட்டுமா?"

அம்மா நாற்காலியைத் திரையிலிருந்து திருப்பி, மைனாவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நர்ஸ் அக்காவுக்குச் சாப்பிடவே நேரம் இல்லையாம். சுண்டு அவங்க ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கித் தன் காதுல மாட்டிக்கிட்டானாம். நெஞ்சுல வைக்கத் தெரியாம அவங்க வயித்துல வச்சானாம். உள்ளே கடமுடன்னு சத்தம். உடனே இவன் பயந்துபோய், 'சிஸ்டர், நீங்க நாய்க்குட்டியை முழுங்கிட்டீங்க! அது உள்ளே உர்ருங்குது!'ன்னானாம். அவங்க சிரிச்சதைப் பார்த்து இவனும் சிரிக்க ஆரம்பிச்சிட்டானாம்."

அம்மா சட்டென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

"நாய்க்குட்டியை முழுங்கிட்டீங்கன்னா சொன்னான்?"

"ஆமாம்மா."

அம்மா தோளில் இருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மைனாவை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.